காட்டு வழியிற் குடிநீர்

(எமது சங்க மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருகின்ற ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை நடந்து செல்லவிருக்கும் நம் சங்கத்தார் முப்பதின்மருக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்திருக்கின்றது. மிசன் பள்ளியிற் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் இவனுக்கு யாத்திரையைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று பெரியவர்களிற் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் எண்ணுவதிற் பிழையில்லை. அந்த வழியில் நான் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கின்றேன். யாத்திரையின் மகிமையை எடுத்துரைக்க என்னிலும் தகுந்தவர் இச்சபையிற் பலர் உளர். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி மட்டுமே. அதிலும், சென்ற ஆண்டு நான் விட்ட பிழைகளைப் பற்றியே பெரும்பாலும் பேசப் போகின்றேன்.

செயற்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. போத்தலில் அடைத்த தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்வது ஒன்று. விலையுயர்ந்த பெரிய வடிகட்டி ஒன்றை வாங்கி முப்பது பேருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தாற் பிறந்த யோசனைகளே. எனினும் இரண்டையும் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.

முதலாவதை ஒரு சிறு கணக்கே தீர்த்துவிடும். ஆடி மாதத்து வெயிலிற் காட்டுவழி நடப்பவர் ஒருவருக்கு, குடிக்க மட்டும், நாளொன்றுக்கு 4 அல்லது 5 லீற்றர் வேண்டும். முப்பது பேர், நாலு நாள், ஐந்து லீற்றர் என்று வைத்தால் 600 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே 600 கிலோகிராம். ஒன்றரை லீற்றர்ப் போத்தலாயின் 400 போத்தல். இவற்றைத் தலையிற் சுமப்பார் எவர்? சுமந்தாலும், 400 வெறும் போத்தல்களையும் திரும்பக் கொண்டு வருவார் எவர்? சரணாலயத்தின் நடுவே, மான்கள் நீரருந்தும் துறைகளில், நசுங்கிக் கிடந்த போத்தல்களை நான் கண்டேன். அவற்றைப் போட்டுச் சென்றவர்களும் நம்மைப் போன்ற அடியார்கள்தாம்.

வழியிற் சில இடங்களிலே தருமவான்கள் நீர்த்தாங்கிகள் வைத்திருப்பது உண்மை. அவர்களுக்குப் புண்ணியம் உண்டு. ஆனால் நாம் போய்ச் சேரும் வேளையில் தாங்கியில் நீர் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இருந்தாலும், ஆயிரம் கைகள் பட்ட குழாயிலிருந்து வரும் நீர் சுத்தமானது என்று கொள்வதற்கில்லை. ஆகவே கிடைக்கும் நீரைச் சுத்தஞ் செய்து, அடுத்த நீர்நிலை வரை சுமந்து செல்வதே வழி. எதைக்கொண்டு சுத்தஞ் செய்வது, எதிலே சுமப்பது, எவ்வளவு சுமப்பது என்பவையே கேள்விகள்.

இனி என் கதைக்கு வருகின்றேன். சென்ற ஆண்டு பெரியப்பாவின் தலைமையில் நாங்கள் பதினான்கு பேர் புறப்பட்டோம். எழுபத்தொரு வயதான என் அப்பாச்சியும் வந்தார். வெளிநாட்டிலுள்ள மைத்துனன் ஒருவன் எனக்கொரு வடிகட்டி அனுப்பியிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் சிறு உருளை அது. அதனுள்ளே வைக்கோலைப் போன்ற நுண்ணிய குழல்கள் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் உள்ள குழல்களும் இவ்வகையினவே. அழுக்கு நீரை ஒரு பையில் நிரப்பி, வாயில் வடிகட்டியைத் திருகி, பையைப் பிழிந்தால் மறுபுறம் தெளிந்த நீர் வரும். குழற்சுவரிலுள்ள துளைகளின் அளவு 0.1 மைக்கிரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பதினாயிரங் கூறிட்டால் ஒரு கூறு. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்கிரோனுக்கு மேற்பட்டவை. குடலைக் கெடுக்கும் சில ஒற்றைக்கல உயிர்களின் உறைகள் 4 முதல் 12 மைக்கிரோன் வரை பெரியவை. இவையெல்லாம் அத்துளையில் நுழையா. இதனை வாசித்தறிந்த நான், பதினான்கு பேரின் உயிரும் என் சட்டைப் பையில் இருப்பதுபோல் நடந்து சென்றேன்.

குமண வரை அந்தப் பெருமை நிலைத்தது. அங்கே வில்லுகள் என்று சொல்லப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் உண்டு. நாங்கள் சென்றபோது எருமைகள் ஒரு வில்லைக் கலக்கிவிட்டுப் போயிருந்தன. நீர் பால்விட்ட தேநீரின் நிறம். நான் சற்றும் யோசியாமற் பையை முக்கி எடுத்துப் பிழிந்தேன். முதல் லீற்றர் இரண்டு நிமிடத்தில் இறங்கிற்று. ஐந்தாவது லீற்றருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பின் எவ்வளவு பலங்கொண்டு பிழிந்தும் சொட்டுச் சொட்டாகவே வந்தது. சேறு துளைகளை அடைத்துவிட்டது. தெளிந்த நீரைப் பின்வழியாகப் பீச்சி அடைப்பை நீக்குவதற்கென்று ஒரு பீச்சுங்குழலும் மைத்துனன் அனுப்பியிருந்தான். அது வீண் பாரம் என்று வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஏனையோர் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. வயதான ஒருவர் மாத்திரம், "தம்பி, தேத்தாங்கொட்டை கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. தேற்றான் விதையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை விட்டு வைத்தால், மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாகிக் கீழே படியும். படிகாரமும் அவ்வேலையையே செய்கின்றது. நகரங்களுக்கு நீர் வழங்கும் நிலையங்களிலும் முதற்படி இதுதான். அந்தப் பெரியவர் கேட்டது முழுக்க முழுக்க விஞ்ஞானம்.

அப்பாச்சி தம் மூட்டையை அவிழ்த்து ஒரு பழைய நூற்சேலையை எடுத்தார். நான்காக மடித்துச் செம்பின் வாயிற் கட்டி நீரை வார்த்தார். சேலையில் ஒரு விரற்கடைச் சேறு தங்கிற்று. ஊருக்குத் திரும்பியபின் தேடி வாசித்தபோதுதான் அச்செயலின் பெறுமதி எனக்கு விளங்கியது. வங்காள தேசத்தில் 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே, அமெரிக்க விஞ்ஞானியான றீற்றா கொல்வெல் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறைந்தது நான்காக மடித்த பழைய சேலையால் நீரை வடித்த கிராமங்களிலே வாந்திபேதி 48 வீதம் குறைந்திருந்தது. பேதிக் கிருமி துணியின் துளையிலும் மிகச் சிறியது. ஆயினும் அது நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களின் மேல் ஒட்டி வாழ்வது. அவ்வுயிரினங்கள் துணியில் அகப்பட்டுக்கொள்கின்றன. அதிலும் புதுச்சேலையைவிடப் பழஞ்சேலை மேலானது. பலமுறை துவைத்ததனால் நூல் நைந்து, இழைகளின் இடைவெளி சிறுத்துவிடுகின்றது.

ஆனால் துணியே போதும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். 48 வீதம் குறைந்தது என்றால் மீதி 52 வீதம் குறையவில்லை என்பதே பொருள். துணி, வடிகட்டிக்கு முன்னே நிற்க வேண்டியது. வடிகட்டியின் இடத்தில் நிற்க வேண்டியதன்று.

வடிகட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 1884இல் பாரிசில், பாஸ்ரரின் துணைவரான சாம்பலாண்ட் என்பவர் சுடுமண் போன்ற ஒரு பொருளாற் குழாய்வடிவ வடிகட்டி ஒன்றை ஆக்கினார். நம் வீடுகளில் மெழுகுவர்த்தி வடிவில் நிற்கும் வெண்ணிற வடிகட்டியின் நெருங்கிய உறவினன் அது. பற்றீரியாக்கள் அதனைக் கடவா. 1892இல் உருசிய நாட்டு இவனோவ்ஸ்கி என்பவர், நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை அவ்வகை வடிகட்டியால் வடித்து, நல்ல செடியில் இட்டுப் பார்த்தார். நல்ல செடிக்கும் நோய் தொற்றியது. வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் நோய்ப்பொருள் ஒன்று உண்டென்பது இவ்வாறு தெரிய வந்தது. இன்று அதனை வைரசு என்கின்றோம். செங்கமாரியை உண்டாக்கும் வைரசுகளுள் நீரால் வரும் ஒன்று ஏறத்தாழ 0.03 மைக்கிரோன் அளவினது. என் மைத்துனன் அனுப்பிய வடிகட்டியின் துளையில் அது தாராளமாக நுழைந்து போகும். ஆளரவமற்ற மலைநாட்டு ஓடைகளில் மனிதரால் வரும் வைரசு அரிது. ஆகவே மேல்நாட்டு மலையேறிகளுக்கு அந்த வடிகட்டியே பெரும்பாலும் போதும். நாம் செல்வதோ பல்லாயிரவர் ஒரே பருவத்தில் நடந்து, குளித்து, காலைக்கடன் கழிக்கும் வழி.

எனவே வடித்த நீரில் மருந்தும் இட வேண்டும். குளோரீன் வில்லைகள் மலிவானவை, பாரமற்றவை, வைரசையும் பற்றீரியாவையும் கொல்பவை. வில்லையிட்டு அரைமணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் இட்டால் மருந்தின் வலிமையைச் சேறே தின்றுவிடும். அதனாற்றான் முதலில் வடித்தல், பின்னர் மருந்து. ஒற்றைக்கல உயிர்களுள் ஒன்றின் தடித்த உறையைக் குளோரீன் உடைக்காது. அதனை வடிகட்டி தடுத்துவிடும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கின்றது. வில்லை வாங்கும்போது அது எத்தனை லீற்றருக்கு உரியது என்று பார்த்து வாங்குங்கள். எங்களுள் ஒருவர் 20 லீற்றருக்கான வில்லையை ஒரு லீற்றர்ப் போத்தலில் இட்டுக் குடித்துவிட்டு, நீச்சற் குளத்தை விழுங்கியதுபோல் இருக்கின்றது என்றார். அன்று முழுவதும் எவர் தண்ணீர் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்தே குடித்தார்.

கொதிக்க வைத்தல் எல்லாவற்றிலும் உறுதியானது. நீர் நன்றாகப் பொங்கி ஒரு நிமிடம் கொதித்தாற் போதும். மூன்று வகைக் கிருமிகளும் மடியும். நடைவழியில் அது இயலாது. இரவுத் தங்கலில் எப்படியும் சோற்றுக்கு அடுப்பு மூட்டுகின்றோம். அப்பொழுதே ஒரு பெரிய பாத்திரத்தில், கொத்தமல்லி சிறிது தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால், விடியுமுன் ஆறிவிடும். காலைக்கு வேண்டிய நீர் வில்லையின் வாடையின்றிக் கிடைக்கும்.

இவை எவற்றாலும் நீங்காத குற்றம் ஒன்றுண்டு. அது நீரிற் கரைந்த பொருள். கடலையடுத்த நீர்நிலைகள் சில உவர்நீர். வடித்தாலும் கொதிக்க வைத்தாலும் உவர் போகாது. ஆதலால் நிரப்புமுன் ஒரு துளியை நாவில் இட்டு உமிழ்ந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிதன்று. நம் தோட்டங்களில் இட்ட உரம் சுண்ணக்கல்லினூடே கிணற்றில் இறங்குகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்க, அதனைத் தாண்டிய கிணறுகள் நம் குடாநாட்டில் உள்ளன. அதைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறியும். இது தனியே பேச வேண்டிய விடயம். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். 2024 டிசெம்பரில் அது நம் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கிருமி நூல்போல் மெலிந்தது. நுண்ணிய வடிகட்டிகளிலும் நெளிந்து நுழைய வல்லது. அதைவிடக் காலிலுள்ள புண்வழியாகப் புகுவதே அதன் வழக்கம். கொப்புளம் உடைந்த காலோடு தேங்கிய நீரில் இறங்கி மொள்ளாதீர்கள். காலிற் புண்ணில்லாத ஒருவரை அனுப்புங்கள்.

இவ்வளவும் நீரைச் சுத்தஞ் செய்வது பற்றி. சுமப்பது பற்றி நான் கற்றது குமுக்கன் ஆற்றைக் கடந்த பிறகு.

அந்த ஆற்றங்கரை மருதமர நிழலும் மணலுமாக இனிய இடம். அதற்கும் மாணிக்க கங்கைக்கும் இடைப்பட்ட வழிதான் தண்ணீருக்குக் கடினமானது. கரையோர மணலிற் குழி தோண்டினோம். ஊறிய நீரை வடித்து, வில்லையிட்டு, எனக்கும் அப்பாச்சிக்குமாக 6 லீற்றரை என் முதுகுப்பையில் ஏற்றினேன். அவர் கையில் ஒரு செம்பும் இருக்கவில்லை. முதியவரைச் சுமக்க விடலாமா என்ற எண்ணம். நாவலடியை நோக்கி நடந்தோம். வழியில் இருமுறையோ மும்முறையோ, "அப்பாச்சி, தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். "எனக்கு விடாய் இல்லை, ராசா" என்றார். நான் என் பங்கைக் குடித்துக்கொண்டு முன்னே போனேன்.

பிற்பகல் இரண்டு மணியளவில், ஒரு பாலை மரத்தடியில் அவர் இருந்துவிட்டார். இருந்தவர் எழும்பவில்லை. உதடு வெடித்திருந்தது. கண் சொருகியது. தொட்டால் உடம்பு அனலாய்க் கொதித்தது, வியர்வை இல்லை. பெரியப்பா ஓடி வந்து சேலையை நனைத்து மார்பிலும் கழுத்திலும் போட்டு விசிறினார். விசிறிக்கொண்டே, "எவ்வளவு தண்ணி குடிச்சவ?" என்று என்னைக் கேட்டார். நான் பையைத் திறந்து பார்த்தேன். அவர் பங்கான மூன்று லீற்றரில் கால் லீற்றர்கூடக் குறையவில்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பின் அவருக்குத் தெளிவு வந்தது. ஒரு லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்புமாகக் கரைத்து, மிடறு மிடறாகப் பருக்கினோம். "ஏன் அப்பாச்சி குடிக்கேல்லை?" என்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கின்றேன். "நீ தோள் நோக நோகச் சுமந்துகொண்டு வாறாய். அதை நான் எப்பிடி மேனே கேட்டுக் கேட்டுக் குடிக்கிறது?"

அன்றிரவு சின்னம்மா என்னைத் தனியே அழைத்து இன்னொரு காரணத்தையும் சொன்னார். சபைமுன் சொல்லக் கூச்சமாயினும் சொல்லாமல் விட்டால் என் கடமையிற் குறைவேற்படும். ஆண்பிள்ளைகளோடு கூட்டமாக நடக்கும்போது பெண்களுக்கு ஒதுங்க மறைவிடம் கேட்பது எளிதன்று. ஆகவே நம் தாய்மாரும் சகோதரிகளும் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றார்கள். நாம் 0.1 மைக்கிரோன் வரை சிந்திக்கின்றோம். நமக்குப் பின்னே நடந்து வருபவர் ஏன் குடிக்கவில்லை என்பதைச் சிந்திக்கவில்லை. என்னைத்தான் சொல்கின்றேன்.

ஆகவே என் முடிபு இது. பொதுவான பெரிய வடிகட்டி வேண்டாம். அது அடைத்தால் முப்பது பேரும் நிற்க வேண்டும். முப்பதின்மரும் அறுவர் அறுவராக ஐந்து பிரிவாவோம். பிரிவுக்கு ஒரு சிறு வடிகட்டி, பீச்சுங்குழல் அவசியம், நான்கு துண்டுத் துணி, வேண்டிய அளவு வில்லை. மடித்து வைக்கக்கூடிய ஐந்து லீற்றர்ப் பை இரண்டு. ஒன்று அழுக்கு நீருக்கு, மற்றது வடித்த நீருக்கு. அழுக்குப் பையின் கழுத்திற் சிவப்பு நூல் கட்டுங்கள். அந்தப் பையின் வாயிலிருந்து ஒரு சொட்டு நல்ல போத்தலில் வழிந்தாலும் செய்த வேலையெல்லாம் வீண். முட்புதரில் உரசினால் இப்பைகள் கிழியும். முதுகுப்பையின் உள்ளே வையுங்கள்.

ஆளுக்கொரு போத்தல் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். துருவேறா உருக்குப் போத்தல் பார்வைக்கு அழகு. வெறும் பாரமே அதிகம். சோடா வந்த பிளாத்திக்குப் போத்தல் 50 கிராமும் வராது, விழுந்தாலும் உடையாது. முதியோருக்கு முக்கால் லீற்றர்ப் போத்தல், வாயிற் கயிறு கட்டி இடுப்பிலோ தோளிலோ தொங்கவிட. எவரிடமும் கேளாமற் குடிக்க அது உதவும். மேலதிக நீரை இளைஞர் சுமப்போம். நீர்நிலையை விட்டுப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் அரை லீற்றராவது அங்கேயே குடித்துவிட வேண்டும். வயிற்றிற் சுமக்கும் நீர் தோளை அழுத்தாது. ஒவ்வொரு மணிக்கும் ஓரிடத்தில் அனைவரும் நின்று, தாகம் உண்டோ இல்லையோ, ஒன்றாகக் குடிப்போம். அந்த வேளையில் ஆண்கள் வழியின் ஒரு புறத்திலேயே இருக்க வேண்டும், மறுபுறம் பெண்களுக்கு. இந்த விதியை அங்கே போய்ச் சொல்லாமல் இங்கேயே, இன்றே, எல்லாருக்கும் தெரிய அறிவிக்கின்றேன். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிந்துகொள்ளுங்கள்.

போத்தல்கள் அத்தனையையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவரும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றுக்கொண்டுள்ளார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இம்மண்டபக் கிணற்றடியில் வடித்துப் பழகுவோம். குளத்திலிருந்து இரண்டு வாளி கலங்கல் நீர் கொண்டு வருகின்றேன். வீட்டில் நைந்த நூல் வேட்டியோ சேலையோ இருந்தால், கஞ்சி போடாமல் துவைத்துக் கொண்டு வாருங்கள், நைலோன் வேண்டாம். தேற்றான் விதை வைத்திருக்கும் பெரியவர்கள் அதனையும் கொண்டு வந்தால் நன்றி. உரைக்கும் பக்குவம் எனக்குத் தெரியாது; சொல்லித் தர வேண்டும்.

என் அப்பாச்சி இரண்டு பழஞ்சேலைகளை ஏற்கெனவே தந்துவிட்டார். இம்முறையும் தாம் வருவதாகச் சொல்கின்றார். போத்தலைத் தாமே தூக்குவதாகவும், அதற்கான கயிற்றைத் தாமே திரித்துவிட்டதாகவும் உங்களுக்கு அறிவிக்கும்படி சொல்லியனுப்பினார்.